ஆளுநர் கொடுத்த மன்னிப்பு

ஹார்லன் ஆஸ்ட்பியிடம் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். டோவ்ரே மாவட்ட அரசு வழக்கறிஞராக அவர் முதல் தேர்தலில் ஜெயித்த வாரத்தில் சேர்ந்தேன். மாநில ஆளுநர் பதவியை விட்டு அவர் இறங்கிய அன்று நானும் இறங்கினேன். இடையில் அவர் எந்த நாற்காலிக்குப் போனாலும் அதற்கு வெளியே இருந்த மேஜை என்னுடையது. ஆர்டிஸ் க்ளெம் என்ற என் பெயரைச் சொன்னால்தான் அவர் கதவு திறக்கும் என்று தலைநகரில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சப்பைக்கட்டு மாதிரி ஆகிவிடும். உழவர் வீட்டுப் பிள்ளை, நெடுநெடுவென்று உயரம், குளிர் பட்டால் காது இரண்டும் சிவந்துவிடும். நீதிமன்றத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சாட்சி பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்கிற விதத்திலேயே ஜூரிக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

அவரை மாநிலம் முழுக்கத் தெரியவைத்தது கேரின் மோ வழக்கு. 1996 அக்டோபர். கேரினுக்குப் பத்தொன்பது வயது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்காருவாள். ஒரு சாயங்காலம் ஏழேகால் மணி வாக்கில் யாரோ உள்ளே புகுந்து அவளைச் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு வெட்டும் சமயம் அது. லாரிகள் இரவு பகல் ஓயாமல் ஓடும், வெளியூர் ஆட்கள் ஊர் முழுக்க. மூன்றாம் நாள் ஷெரீஃப், டெக்சஸிலிருந்து அறுவடைக்கு வந்திருந்த யூசெபியோ பாரெரா என்ற லாரி ஓட்டுநரைப் பிடித்தார். இருபத்தெட்டு வயது, ஒரு பெண் குழந்தை. பங்கின் காப்பி மேடையில் அவர் கைரேகை இருந்தது. பழுப்பு ஜாக்கெட் போட்ட ஆள் ஓடியதைப் பார்த்ததாக ஒருவர் சொல்லி, அடையாள அணிவகுப்பு வரிசையில் இவரைக் கைகாட்டினார். தினமும் அங்கேதான் காப்பி குடிப்பேன் என்றார் யூசெபியோ. அந்த நேரம் நாற்பது மைல் தள்ளி ஆலையின் எடைமேடையில் நின்றேன் என்றார். ஆனால் எடைச்சீட்டில் லாரி எண்தான் இருக்கும், ஓட்டுநர் பெயர் இருக்காது. அந்த லாரியை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

அடுத்த மார்ச் மாதம், திங்கட்கிழமை விசாரணை என்றால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகல், எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. அரிசோனாவிலிருந்து லோர்னா பிக்ஸ் என்று ஒரு பெண். வேன் வீட்டில் ஊர் ஊராகப் போய்ப் பருவ வேலை பார்க்கிறவர்.

"அம்மா, உங்க ஊர்ல இருந்து ஒரு சிநேகிதி ஜாம் பாட்டில் அனுப்பியிருந்தா. பேப்பர்ல சுத்தியிருந்துச்சு. அதுல ஒரு ஆள் படம். அந்த ஆளை எனக்குத் தெரியும். அவர் சம்பவம் நடந்த நேரத்துல என் எடைமேடையில நின்னுக்கிட்டிருந்தார்."

"நிச்சயமா அதே நாளா?" என்றேன்.

"அன்னைக்கு எனக்குப் பிறந்தநாள். கூட இருந்தவங்க அப்பத்தான் கேக் வெட்டுனாங்க. இவர் லாரித் தார்ப்பாய் கிழிஞ்சு கிழங்கெல்லாம் உருண்டுச்சு. நல்லாத் திட்டுனேன். சிரிச்சுக்கிட்டே இறங்கிப் பொறுக்குனார். ஒரு துண்டு கேக்கும் குடுத்தோம். இந்த மூஞ்சியை எப்படி மறக்கும்?"

அப்போதெல்லாம் வரும் செய்திகளை இளஞ்சிவப்புச் சீட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். மேல்தாளைக் கிழித்து அவரிடம் கொடுப்பேன், அடித்தாளின் கார்பன் நகல் புத்தகத்திலேயே தங்கிவிடும். நேரம், பெயர், லோர்னா அப்போது தங்கியிருந்த தங்கை வீட்டு எண், சொன்ன விஷயம் எல்லாம் எழுதி ஹார்லனிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார்.

"அறுவடை முடிஞ்சா வண்டியைக் கிளப்பிட்டுப் போற கூட்டம் ஆர்டிஸ். நாள் எது, கிழமை எதுன்னு அவங்களுக்கே தெரியாது."

"பிறந்தநாள்னு சொன்னாங்களே."

"நான் பார்த்துக்கறேன்," என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டும். சட்டம் தெரியாத எனக்கே அது தெரியும். கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் யூசெபியோ கூண்டில் ஏறி, எடைமேடையில் ஒரு அம்மா என்னைத் திட்டினார் என்று சொன்னபோது ஹார்லன் எழுந்து அருகில் போனார்.

"அந்த அம்மா பேர் என்ன?"

"தெரியாது சார்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது சார். தேடிப் பாருங்க சார்."

ஹார்லன் ஜூரி பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக் கீழே விட்டார். அவ்வளவுதான். பின் வரிசையில் ஒருவர் சிரித்தேவிட்டார். அந்தப் பெயரை என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. மத்தியானம் கீழே போய் சூப் குடித்தேன், அதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்ததும் கேரினின் அம்மா இன்ஜர் மோ ஹார்லனைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னையும் கட்டிக்கொண்டார். அந்த வாரம் தேவாலயத்து விருந்தில் ஊரே எழுந்து நின்று எங்களுக்குக் கைதட்டியது.

அதன் பிறகு எல்லாம் மேல்நோக்கித்தான். ஆறு வருடத்தில் மாநிலத் தலைமை வழக்கறிஞர். பத்து வருடம் கழித்து ஆளுநர். ஒவ்வொரு தேர்தலிலும் இன்ஜர் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து, "என் பொண்ணுக்காக நின்ன மனுஷன்," என்று சொல்வார். வெள்ளம் வந்த வருடம் ஹார்லன் முழங்கால் சேற்றில் நின்று இரண்டு நாள் மணல்மூட்டை கட்டினார். ஏழைகளுக்கு வழக்காட நல்ல வக்கீல் வேண்டும் என்று சொந்தக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கு நின்று சட்டம் கொண்டுவந்தார். அதில் கையெழுத்துப் போட்ட அன்று என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சீட்டு ஒரு தடவைகூடப் பேச்சில் வந்ததில்லை.

2018 செப்டம்பரில் யூசெபியோவின் மகள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். நொயெமி. அப்போது இரண்டு வயதாக இருந்தவளுக்கு இப்போது இருபத்து நான்கு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலைச் சவாரியை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள். மதியச் சவாரிக்குள் திரும்ப வேண்டும் என்று நின்றுகொண்டே பேசினாள்.

"ஆர்டிஸ் மேடம்தானே? போன்ல பேசினது நான்தான். இது அப்பாவோட மன்னிப்பு மனு. நேர்லயே குடுத்துடலாம்னு வந்தேன்."

"உட்காரும்மா."

"வேணாம் மேடம். அவருக்கு நுரையீரல் போயிட்டிருக்கு. அதை மட்டும் எழுதியிருக்கோம். கொன்னாரா இல்லையாங்கற பேச்சையே எடுக்காதீங்க, எடுத்தா கவர்னருக்குக் கோவம் வரும், அவர் நடத்துன கேஸுன்னு வக்கீல் சொல்லிட்டார்."

"நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை.

அவள் கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு நெனவு தெரிஞ்சதுல இருந்து அவரைக் கண்ணாடிக்குப் பின்னாடிதான் பார்த்திருக்கேன். பண்ணலேன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றார். சில சமயம் நம்புறேன், சில சமயம் நம்புறதில்ல. நம்பாத நாள்ல எனக்கே என்னைப் பிடிக்காது," என்றாள்.

கோப்பை வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முத்திரை குத்துகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஹார்லன் மனுவைப் படித்தார். மன்னிப்பு வாரியம் சம்மதம் என்றது. மூன்று வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "முழு மன்னிப்பே குடுத்துடலாம்," என்றார்.

"ஹார்லன், அந்த போன்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் வெளிய வரணும். வரப் போறார். வேற என்ன வேணும் ஆர்டிஸ்?"

எனக்கும் அது போதும் என்றே பட்டது. பெரிய பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து, யாருக்கும் எதுவும் தெரியாமல், எல்லாம் சரியாகிவிடப் போகிறது என்று அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அறிவிப்பு வந்ததும் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. தான் வாங்கிக் கொடுத்த தண்டனையைத் தானே தளர்த்துகிற மனம் எத்தனை பேருக்கு வரும் என்று எழுதினார்கள். தேசிய அளவில் அவர் பெயர் அடிபட்டது. அன்று பகலிலேயே இன்ஜர் கூப்பிட்டார். எண்பது வயது, குரல் மட்டும் தளரவில்லை. "என் பொண்ணு கல்லறையில நின்னு அவகிட்ட என்ன சொன்னேன்னு கேளு. இவனை வெளிய விடமாட்டாங்கன்னு சொன்னேன். ஹார்லன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சிறைக் கண்காணிப்பாளர் அழைத்தார். "மேடம், பாரெரா கையெழுத்துப் போட மாட்டேங்கறார். மன்னிப்பு வேணாங்கறார்."

"வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம்தான். திருப்பி அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டு அறைக்குப் போய்ப் படுத்துட்டார்."

ஹார்லனுக்கு முதலில் கோபம் வந்தது. "பைத்தியமா அந்த ஆளு? கதவைத் திறந்து விட்டா வெளிய வரத் தெரியாதா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு, "வா, நேர்ல போய்ப் பேசிடலாம்," என்றார். பாதுகாவலர் பின்னால் தனி வண்டியில் வர, ஹார்லனே காரை ஓட்டினார். வழியெல்லாம் வெட்டி முடித்த வயல், எதிரே கிழங்கு லாரிகள்.

சிறையில் ஒரு சின்ன அறை. யூசெபியோ உள்ளே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஐம்பது வயது ஆள் எழுபது போல இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கைவிலங்கு வேண்டாம் என்று ஹார்லன் சொல்லிவிட்டார். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மிஸ்டர் பாரெரா, இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே உங்க பொண்ணோட வீட்டுக்குப் போகலாம்," என்றார் ஹார்லன்.

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"மன்னிப்புன்னு போட்டிருக்கு. எதை மன்னிக்கறீங்க?"

ஹார்லன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஸ்பானிஷ்ல யோசிக்கற ஆளு. உங்க பாஷையில வேற அர்த்தமான்னு இங்க படிச்சவங்க கிட்டயெல்லாம் கேட்டேன். அதே அர்த்தம்தானாம். நான் வாங்கிக்கிட்டா பண்ணேன்னு ஆயிடும். எம்பொண்ணு கையில அதையா குடுத்துட்டுச் சாகணும்?"

"நீங்க இங்கயே செத்துடுவீங்க."

"பரவால்ல சார். இருபத்திரண்டு வருஷம் பழகிடுச்சு." இருமல் வந்தது. அடங்குகிற வரை காத்திருந்து, "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அன்னைக்கு நீங்க என்னைத் திட்டல, கத்தல. நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சீங்க. நான்தான் பண்ணேன்னு நெசமாவே நம்புனீங்களா?" என்றார்.

ஹார்லனின் காதுகள் சிவந்தன. அறையில் குளிரே இல்லை.

"நம்புனேன்," என்றார்.

யூசெபியோ தலையாட்டினார். "அப்ப சரி. தப்பு எல்லாருக்கும் வரும்," என்று சொல்லி எழுந்தார். ஹார்லனுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது அது. அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது எனக்கு.

திரும்பும் வழியில் இருபது மைல் வந்துவிட்டோம். பிறகு ஹார்லன் காரை ஓரம்கட்டினார். பின்னால் வந்த வண்டியும் நின்றது.

"அந்தச் சீட்டை அன்னைக்கே கிழிச்சுட்டேன்," என்றார்.

"கார்பன் நகல் இருக்கு."

"எங்க?"

"பழைய டோவ்ரே பெட்டிகள்ல. ஆவணக் காப்பகத்துக் கீழ்த்தளத்துல."

"இத்தனை வருஷமா வச்சிருந்தியா?"

"வச்சிருக்கல. தூக்கிப் போடல, அவ்வளவுதான்."

ஒரு கிழங்கு லாரி எங்களைக் கடந்து போனது. கார் ஒரு குலுக்குக் குலுங்கியது. "எடுத்துட்டு வா," என்றார்.

எதற்கென்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அழிக்கத்தான் கேட்கிறார் என்று பாதி மனசுக்குத் தோன்றியது. அழித்தால் எனக்கும் நல்லதுதான் என்று மறுபாதி சொன்னது. மறுநாள் பெட்டியைத் தேடி எடுத்துப் புத்தகத்தை அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. அந்த ஒன்பது நாளும் பள்ளிக்கூடத் திறப்பு விழா, கோதுமைச் சங்கத்துக் கூட்டம் என்று அவர் போய் வந்துகொண்டிருந்தார். நான் நாட்குறிப்பில் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மனிதர் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை, "இன்ஜரைப் பார்க்கணும். நீயும் வர்றியா?" என்றார்.

இன்ஜர் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நாங்களாகவே போய்ச் சமையலறையில் நின்றோம். ஹார்லன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னார்: போன் வந்தது, சீட்டு, மறைத்தது.

இன்ஜர் நீண்ட நேரம் மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார். "அப்ப அவன் இல்லையா?"

"இல்ல மிஸஸ் மோ."

"அப்ப யாரு?"

"தெரியாது."

"தேடவே இல்லையா?"

"அவர்தான்னு முடிவு பண்ணிட்டதால யாரும் தேடல."

"இருபத்திரண்டு வருஷம் ஹார்லன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல மண்டி போட்டு அந்த மனுஷன் நாசமாப் போகணும்னு வேண்டியிருக்கேன். அப்படி வேண்டறது பாவமாச்சேன்னு எல்லாரும் சொன்னப்பகூட நிறுத்தல. உன்னை நம்பிதானேப்பா வேண்டினேன். என்னை எப்படி ஆக்கிட்டே பாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

"நீ என்னைக் கட்டிப் பிடிச்சியேம்மா," என்றார்.

மறுபடியும் விரிப்பை நீவத் தொடங்கினார். நாங்களே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம்.

சீட்டுப் புத்தகத்தை ஹார்லன் நொயெமியிடம் கொடுத்தனுப்ப, நவம்பரில் அதே டோவ்ரே நீதிமன்றத்தில் மறுவிசாரணை மனு வந்தது. பதவியில் இருக்கிற ஆளுநர் தன் வழக்குக்கு எதிராகத் தானே கூண்டேறுகிறார் என்று டிவி வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. முதலில் என்னை விசாரித்தார்கள். கார்பன் நகலைக் காட்டி என் கையெழுத்துதானா என்றார்கள். ஆமாம் என்றேன். நொயெமி அமர்த்தியிருந்த புது வக்கீல், சின்னப் பெண், கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஏன் சொல்லலை?"

வீட்டில் பத்துப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "எனக்கு என் வேலை பிடிச்சிருந்துச்சு," என்றுதான் வாயில் வந்தது. அது உண்மையும்கூட.

அடுத்து ஹார்லன். சீட்டு வந்தது, மறைத்தேன் என்றார். அதோடு முடியும் என்று நினைத்தேன். அந்தப் பெண், "அந்த நம்பருக்கு நீங்க போன் செஞ்சு பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

ஹார்லன் நீதிபதியைப் பார்த்தார், பிறகு யூசெபியோவைப் பார்த்தார்.

"செஞ்சேன். சனிக்கிழமை காலையில. அந்த அம்மாகிட்டயே பேசினேன். கால் மணி நேரம்."

எனக்கு இது தெரியாது. பொய் என்று ஒதுக்கிவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"சீட்டுல இருந்த எல்லாத்தையும் சொன்னாங்க. பொய் சொல்ற ஆளா தெரியல. சாட்சி சொல்ல வர்றேன்னாங்க. தேவைப்பட்டா நாங்களே கூப்பிடறோம்னு சொல்லிட்டேன். கூப்பிடல. அவங்க செத்து ஒன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப அவர் பண்ணலேன்னு உங்களுக்குத் தெரியும்."

"திங்கட்கிழமை நான் எந்திரிச்சு நின்னப்ப தெரியும். போன மாசம் ஜெயில்ல அவர் என்னை நேரா கேட்டார். அப்பவும் பொய் சொன்னேன்."

நீதிபதி அரைமணி நேரத்தில் தண்டனையை ரத்து செய்தார். அரசுத் தரப்பில் மறு வழக்கு இல்லை என்றார்கள். மன்னிப்பு இல்லாமல், குற்றம் இல்லை என்ற காகிதத்தோடு யூசெபியோ வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் ஹார்லன் சுவரோரமாக நின்றிருந்தார். யூசெபியோவின் சக்கர நாற்காலியை நொயெமி தள்ளிக்கொண்டு வந்தாள். ஹார்லன் ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினார். யூசெபியோ அந்தக் கையைப் பார்த்தார், ஆனால் பிடிக்கவில்லை. "தப்பு எல்லாருக்கும் வரும்னு சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கறேன்," என்றார்.

என்னிடம் வந்ததும் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். "போனை எடுத்தது நீங்கதானா?"

"ஆமா."

"அந்தம்மா குரல் எப்படி இருந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. "கொஞ்சம் கரகரன்னு. கோவமா. உங்களுக்காகக் கோவமா இருந்தாங்க. கேக் குடுத்தோம்னு சொன்னாங்க."

"ஆமா, கேக்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "யாருமே நம்பல, எனக்கே நான் கனவு கண்டேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு." பிறகு மகளிடம், "கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்ப்பா," என்றாள் நொயெமி. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹார்லன் மறுநாள் பதவி விலகினார். வழக்கறிஞர் உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். ஜெயிலுக்குப் போகவில்லை, காலாவதியான குற்றம் என்றார்கள். அது அவருக்கு நிம்மதி இல்லை என்று மட்டும் தெரியும். யூசெபியோ மகள் வீட்டில் பதினாலு மாதம் இருந்தார். அதில் ஒரு கோடையில் டெக்சஸ் போய் அம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். கேரின் வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். புது ஷெரீஃப் பழைய பெட்டிகளை அலசினார். சாட்சிகளில் பாதிப்பேர் செத்துப்போயிருந்தார்கள். இன்றுவரை யார் என்று தெரியாது.

எனக்குத்தான் விநோதமான தண்டனை. கடையில், தபால் நிலையத்தில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தைரியம் உங்களுக்கு, உண்மையைச் சொல்லிட்டீங்களே," என்பார்கள். முதலில் இல்லை என்று விளக்கப் பார்த்தேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது சாமான் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகிறேன்.

போன பிப்ரவரியில் இன்ஜர் மோ இறந்துபோனார். என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போனேன். தேவாலயத்தின் கடைசி வரிசையில் நொயெமி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவின் காரியத்துக்கு இன்ஜர் ஒரு கடிதம் எழுதியிருந்தாராம், அதற்காக வந்தேன் என்றாள். என்ன எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில், கடைசியில், ஹார்லனின் பழைய கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே அவர். பிரார்த்தனை தொடங்கும் முன்பே வந்திருக்க வேண்டும், கண்ணாடியெல்லாம் உறைபனி. அடக்கம் முடிந்து கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்தபோதும் அவர் உள்ளே வரவில்லை. ஒரு தட்டில் இரண்டு ரொட்டி வைத்து எடுத்துக்கொண்டு பனியில் சறுக்கிச் சறுக்கி நடந்து போனேன். கண்ணாடியை இறக்கினார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"உள்ள வாங்க," என்றேன்.

"முடியாது ஆர்டிஸ்."

தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "யாராவது என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்ல."

"சரி," என்றார். ஒரு ரொட்டியை எடுத்தார், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் குளிரில் நின்றேன். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன், பாத்திரம் கழுவ ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.